மாராத்தாளின் மரக்குழி

ஒரு காட்டில் என்றவுடன் அருவி, ஆலமரம், மயிலாட்டம் என்று யாரும் மனத்தில் படம் வரைந்துகொள்ள வேண்டாம். மேற்குச் சீமையில் மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர். அப்படிப்பட்ட காடு ஒன்றில் மாராத்தாள் என்னும் எருமை நிலக்கடலை போட்டுப் பிழைத்துவந்தாள்.

மண் நல்ல செம்மண். தண்ணீர்தான் கிடையாது. விளைச்சல் இல்லாமல் ஓர் எருமை இருந்துவிடலாம். இறங்கி நிற்கக் கழுத்தளவு தண்ணீர் இல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்பது மற்ற எருமைகளுக்குத்தான் தெரியும். சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு அழைக்க வந்தால், "குளிச்சுட்டு வந்துரு அம்மணி" என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மாராத்தாள் தன் கழுத்து மணியை விற்றுக் கிணறு வெட்ட ஆள் விட்டாள். முதலில் தோண்டிய இடத்தில் பாறை. அடுத்த இடத்தில் அதைவிடப் பெரிய பாறை. இருக்கிற பணம் எல்லாம் கரைந்து, ஆட்கள் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், நிலத்தின் நட்டநடுவில் பாறை இடுக்கிலிருந்து ஊற்று கிளம்பியது. அன்று சாயங்காலம் இறங்கி நின்றவள் மறுநாள் வெயில் ஏறித்தான் மேலே வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருஷமே கொக்கு வந்தார்.

கொக்கு, வனவெளிச்ச வாரியத்தின் அதிகாரி. ஒற்றைக் காலில் நிற்பார். அவசரமே படமாட்டார். கூடவே அளவெடுக்கிற ஓணான்.

"அம்மணி, நல்ல சேதி," என்றார் கொக்கு. "உங்க காட்டு வழியா மின்சாரம் போகுது."

"எங்கீங்க போகுது?"

"பட்டணத்துக்கு."

"எங்க காட்டுல எறங்குதுங்களா?"

"போகுதுன்னுதானே சொன்னேன்."

ஓணான் நிலத்தின் நாலு இடத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டார். டவரின் நாலு கால்கள் வரும் இடம் அவை. மூன்று குச்சிகள் கடலைக்குள் நின்றன. நாலாவது குச்சியை நடப் போனவர் கிணற்று விளிம்பில் நின்று கீழே பார்த்தார். பிறகு குச்சியை உள்ளே போட்டுவிட்டார்.

"ஐயையோ, அது கெணறுங்க!" என்றாள் மாராத்தாள்.

கொக்கு எட்டிப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. "மீன் இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப விடுங்க."

 மாராத்தாள் பெரிய இடத்து மனிதரிடம் பேசும்போது குரலை உயர்த்தக் கூடாது என்று வளர்ந்தவள். நிலத்தை வாரியம் எடுத்துக்கொள்கிறதா என்று பணிவாகக் கேட்டாள்.

"சேச்சே! நிலத்தை நாங்க தொடவே மாட்டோம். அது எப்பவும் உங்களுதுதான். எங்க சட்டமே அப்படி. வெள்ளைப்புலிக ஆண்டபோது எழுதினது. அப்ப காட்டுக்கொடியைக் கம்பியாட்டம் கட்டிச் சேதி அனுப்பறதுக்கு எழுதினாங்க. யார் காட்டுக்குள்ள வேணும்னாலும் போலாம், கம்பம் நடலாம், ஆனா நிலம் மட்டும் சொந்தக்காரருதுதான். எவ்வளவு நியாயம் பாருங்க."

"அப்ப நான் வேண்டாம்னு சொல்லலாமுங்களா?"

"தாராளமாச் சொல்லலாம். குறிச்சுக்குவோம்."

"டவர் வந்தப்புறம் பக்கத்துல கெணறு வெட்டிக்கலாமுங்களா?"

"கூடாது. அஸ்திவாரம் ஆடும்."

"தென்னை வெக்கலாமுங்களா?"

"கம்பியைத் தொடும். கூடாது."

"ஒரு சாளை, குடிசையாவது போட்டுக்கலாமுங்களா?"

"அடியில படுக்கவே கூடாது அம்மணி."

"அப்ப அதுல எனக்கு என்னதானுங்க சொந்தம்?"

கொக்கு காலை மாற்றி நின்றார். "தீர்வை. அந்த வரி முழுக்க உங்க பேர்லதான் வரும். அதுல வாரியம் தலையிடாது."

ஓணான் தலையாட்டினார்.

இழப்பீடு உண்டு என்றும் கொக்கு சொன்னார். அதற்கென்று ஓர் அட்டவணை இருந்தது. தரைக்கு மேலே இருப்பவை எல்லாவற்றுக்கும் அதில் விலை போட்டிருந்தது. கிணறு தரைக்குக் கீழே இருப்பதால் அதில் வரவில்லை. தவிர, எந்த நிலத்தில் என்ன பயிர், எத்தனை கிணறு என்று எழுதிவைக்கிற ஊர் அடங்கலிலும் மாராத்தாளின் கிணறு இல்லை. அடங்கல் எழுதுபவர் ஆந்தை. அவர் பகலில் தூங்குவார். கிணற்றைப் பகலில் வெட்டியிருந்தார்கள்.

மாராத்தாள் வக்கீலைத் தேடிப் போனாள்.

வக்கீல் ஒரு நரி. பெயர் குணசீலர். இந்த மாதிரிக் கதைகளில் நரி வந்தால் யாரையாவது ஏமாற்றும். மாராத்தாளின் நேரம், அவளுக்கு வாய்த்த நரி யோக்கியர். முன்னோர் சேர்த்துவைத்த பெயரைக் கழுவுவதற்காகவே சட்டம் படித்தவர். இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை.

"பயப்படாதீங்கம்மா," என்றார் குணசீலர். "உண்மை நம்ம பக்கம் இருக்குது."

"அது போதுமுங்களா?"

"இதுவரைக்கும் போதலை," என்றார் அவர். பொய் சொல்ல வராதே.

பயிரையும் மரத்தையும் கணக்கெடுக்கும் நாள் வந்தது. காலையில் மாராத்தாளின் கடலைக் காட்டை அளந்துவிட்டு, கொக்கும் ஓணானும் சாப்பாட்டுக்காகக் குளத்துப் பக்கம் போனார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் பொங்கியண்ணன் என்ற குரங்கு. கம்பி அவன் காட்டுக்கு மேலேயும் போவதாக இருந்தது. அவன் நிலத்தில் பல வருஷங்களாக எதுவும் விளைந்ததில்லை. விதைத்தால்தானே. அதிகாரிகளின் தலை மறைந்ததும் பொங்கியண்ணன் வேலிக்கால் முருங்கையில் ஏறிப் போத்துப் போத்தாகக் கிளைகளை ஒடித்து, வெறும் நிலத்தில் வரிசையாகக் குத்திக்கொண்டே வந்தான். வரப்பு வரை வந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, போத்து மிச்சம் கெடக்குது. உங்க கெணத்து மேட்டுலயும் நாலு குத்தி வெக்கட்டுமா?"

மாராத்தாள் பக்கத்தில் நின்ற வக்கீலைப் பார்த்தாள்.

"நட்டதுக்கும் குத்தினதுக்கும் வித்தியாசம் இருக்குதும்மா," என்றார் குணசீலர்.

"வேண்டாம் தம்பி," என்றாள் மாராத்தாள்.

கொக்கும் ஓணானும் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பினார்கள். பொங்கியண்ணன் நிலத்தில் திடீரென்று ஒரு தோப்பு நிற்பதைப் பார்த்துக் கொக்கு ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஓர் அதிகாரி ஆச்சரியப்பட்டால் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். ஓணான் எண்ண ஆரம்பித்தார். மரத்துக்கு ஒரு தலையாட்டல் என்பது கணக்கு. ஆனால் ஓணானுக்குத் தலை சும்மாவே ஆடும். பொங்கியண்ணன் குத்தியதைவிடப் பெரிய தோப்பு பதிவாயிற்று.

இழப்பீட்டுக் கடிதங்கள் வந்தன. பொங்கியண்ணன் தன் கடிதத்தைப் படித்துவிட்டு மரத்திலிருந்து கீழே விழுந்தான். சந்தோஷத்தில்தான். மாராத்தாளுடைய கடிதத்தைக் குணசீலர் இரண்டு தடவை படித்தார்.

"கடலை தரைக்குக் கீழ வெளையறதுனால அதைக் கணக்குல எடுத்துக்கலையாமா. மேல இருக்கற கொடிக்கு மட்டும் போட்டிருக்காங்க."

"கொடியை நானேதானுங்க திங்கிறேன்."

"திங்கிறதுக்குன்னு தொகையில கழிவும் போட்டிருக்காங்க."

 குணசீலருக்கு மீசை துடித்தது. மேலதிகாரிக்கு மனு எழுதுவோம், நேரில் வந்து கிணற்றைப் பார்க்கச் சொல்லுவோம் என்றார். மாராத்தாள் சரி என்றாள். ஆனால் ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"பக்கத்துக் காட்டுக்காரனைப் பத்தி எழுத வேண்டாமுங்க. நாளைக்கும் அவன் மொகத்துலதான் முழிக்கோணும்."

"உண்மையில பாதியை மட்டும் எழுத எனக்குத் தெரியாதும்மா," என்றார் குணசீலர். எல்லாவற்றையும் எழுதினார்.

மனு மேலே போய்ச் சேர்வதற்குள் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. கோட்ட அதிகாரி யானை நேரில் வந்தார். முதலில் பொங்கியண்ணன் காட்டுக்குப் போனார். அன்றைக்குப் பொய்யாகக் குத்திய போத்துகள் எல்லாம் வேர் பிடித்துத் தளதளவென்று துளிர்விட்டு நின்றன. முருங்கைக்குத் தன்னை எதற்காகக் குத்தினார்கள் என்பது தெரியாது. யானை ஒரு கிளையை ஒடித்து வாயில் போட்டு மென்றார்.

"முருங்கைதான்," என்றார். அங்கேயே முத்திரை விழுந்தது.

பிறகு மாராத்தாளின் காட்டுக்கு வந்தார். கிணற்றை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். குணசீலர் கை கட்டி நின்றார்.

"நீங்க மனுவில எழுதினது சரிதான். இங்க ஆழமா ஒண்ணு இருக்குது," என்றார் யானை.

"ஆமாங்க," என்றார் குணசீலர் மகிழ்ச்சியாக.

"அடங்கல்ல இது இல்லை."

"ஆமாங்க. அதைத்தான் நானும்..."

"அப்ப இது மின்பாதையில அனுமதி இல்லாம வெட்டின குழி. மனு போட்டுச் சொன்னதுக்கு நன்றி. மூடிருங்க." கொக்கிடம் திரும்பினார். "செலவை அந்தம்மா கிட்டயே வாங்கிக்குங்க."

ஓணான் தலையாட்டினார்.

சாயங்காலம் மாராத்தாள் கிணற்றில் இறங்கி நின்றாள். தண்ணீர் கழுத்துவரை இருந்தது. மேலே வட்டமாக வானம். தான் என்ன தப்புச் செய்தோம் என்று முதலிலிருந்து யோசித்துப் பார்த்தாள். மணியை விற்றது தப்பா, வெட்டியது தப்பா, குத்த வேண்டாம் என்றது தப்பா? ஒன்றும் புலப்படவில்லை. அழுதாள் என்று சிலர் சொல்வார்கள். கழுத்துவரை தண்ணீரில் நிற்கிற எருமை அழுதால் வெளியே தெரியாது.

காலையில் காட்டுப்பன்றிகள் மண் கூடையோடு வந்து சேர்ந்தன. வாரியத்தின் ஒப்பந்தக் கூலிகள். கொக்கு விளிம்பில் வந்து நின்றார்.

"அம்மணி, மேல ஏறுங்க. மண்ணுத் தள்ளணும்."

"நான் வரலீங்க."

"வரலைன்னா?"

"நிலம் என்னுதுதான்னு நீங்கதானுங்க சொன்னீங்க. என் நிலத்துல நான் நிக்கிறேன்."

கொக்கு இறகிடுக்கிலிருந்து அட்டவணையை எடுத்துப் புரட்டினார். உயிரோடு நிற்கிற எருமையை மூடினால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அதில் இல்லை. காட்டுப்பன்றிகளின் மேஸ்திரி கூடையைக் கீழே போட்டார். "பொம்பளை நிக்கற கெணத்துல மண்ணுத் தள்ளற பொழப்பு எங்களுக்கு வேண்டாமுங்க சார்," என்றார். பன்றிகள் வேலி நிழலில் போய்ப் படுத்துக்கொண்டன. யானைக்கு ஆள் போயிற்று.

அந்த இடைவெளியில் பொங்கியண்ணன் வரப்பைத் தாண்டி வந்தான். அவன் முகத்தைப் பார்க்க மாராத்தாளுக்குக் கூச்சமாக இருந்தது.

"என்னையப் பத்தி மனு எழுதுனீங்கன்னு கேள்விப்பட்டேன் அக்கா."

"வக்கீல் எழுதிப்போட்டாருப்பா. நான் வேண்டாம்னுதான்..."

"எழுதாட்டி ஆனை வந்திருக்காது. ஆனை வராட்டி என் முருங்கைக்கு முத்திரை விழுந்திருக்காது. அதான் ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

 பொங்கியண்ணன் விளிம்பில் குந்தித் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. நீங்க கெணறு கெணறுன்னு சொல்றதுதான் தப்பு. அவங்களுக்கு மண்ணுக்கு மேல இருக்கறதுதான் கண்ணுல தெரியும். அவங்களுக்குத் தெரியற மாதிரிச் சொல்லுங்க."

"கெணத்தை வேறெப்படியப்பா சொல்றது?"

"குழி எதுக்குத் தோண்டுவாங்க? மரம் வெக்கத்தான்."

பக்கத்தில் நின்ற குணசீலர் காதைப் பொத்திக்கொண்டார்.

நிலம் அதிர்ந்தது. யானை வந்துவிட்டார். வெயில் நேரத்தில் நடந்துவந்த எரிச்சல் அவர் காதுகளில் தெரிந்தது. கிணற்றுக்குள் தும்பிக்கையை நீட்டிக் கேட்டார்.

"கடைசியாக் கேக்கறேன். என்ன குழி இது?"

மாராத்தாள் பிறந்ததிலிருந்து பொய் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அளவுக்கு அவளிடம் எதுவும் இருந்ததில்லை. தாடைக்குக் கீழே தண்ணீர் அசைந்தது. விளிம்பில் மண் கூடைகள் வரிசையாக இருந்தன.

"மரக்குழிங்க," என்றாள்.

சுற்றுச் சுவரில் மோதி, கிணறும் அதையே திருப்பிச் சொன்னது.

கொக்கின் முகம் தெளிந்தது. காலையிலிருந்து அவரும் தலைப்புக் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்தானே. மளமளவென்று புரட்டினார். "இருக்குதுங்க ஐயா! மரக்குழி. குழி ஆழத்தை வெச்சு மரத்தோட உயரத்தைக் கணிக்கணும்னு போட்டிருக்குது."

ஓணான் கயிறு விட்டார். கயிறு போதவில்லை. இன்னொரு கயிறு முடிந்து விட்டார். கொக்கு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு ஆழத்துக்கு வேர் விடற மரம்னா, நம்ம டவரை விட உசரமுங்க. சுத்து வட்டாரத்துல இப்படி ஒரு மரமே கெடையாது."

"மரத்தை இன்னும் வெக்கவே இல்லையே?" என்றார் யானை.

"வெச்சாங்களான்னு அட்டவணை கேக்கலீங்க. பராமரிப்பு இருக்குதா, தண்ணி விடறாங்களான்னுதான் கேக்குது. நம்பகமான சாட்சி வேணுமாமா."

எல்லோரும் திரும்பிக் குணசீலரைப் பார்த்தார்கள். அந்த வட்டாரத்தில் பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான் என்பது யானைக்கும் தெரியும்.

"வக்கீலய்யா. இந்தக் குழியில தண்ணி இருக்குதா?"

 இது குழியே அல்ல, கிணறு என்று சொல்லக் குணசீலர் வாயைத் திறந்தார். ஆனால் அவர் படித்த சட்டத்தில் சாட்சி என்பவர் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும்.

"இருக்குதுங்க."

"தெனமுமா?"

"தெனமும்."

"அந்தம்மா ஒழுங்காக் கவனிச்சுக்கறாங்களா?"

குணசீலர் கீழே பார்த்தார். இருட்டுக்குள் இரண்டு கொம்பும், இரண்டு கண்ணும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என் தொழில்ல இவ்வளவு அக்கறையாக் கவனிச்சுக்கிட்டவங்களை நான் பார்த்ததே இல்லீங்க," என்றார்.

கொக்கு எழுதிக்கொண்டார்: தண்ணீர் விடப்படுகிறது.

அந்த மரத்துக்கு அட்டவணைப்படி எவ்வளவு கொடுக்க வேண்டிவரும் என்று பார்த்தால், பட்டணம் முழுக்க விளக்கெரிக்கிற செலவைவிட அதிகமாக வந்தது. யானை தும்பிக்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மரத்தைத் தொடாமல் டவரைக் கொஞ்சம் தள்ளி நடச் சொன்னார். தள்ளி என்றால் பொங்கியண்ணன் காடு. அந்தச் சேதி கேட்டதும் பொங்கியண்ணன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். பெற்ற பிள்ளைகளைப் போல வளர்த்த முருங்கை என்றான். கம்பிக்காக ஒரு தடவை வாங்கியவன், டவருக்காக இன்னொரு தடவை வாங்கிக்கொண்டான்.

பன்றிகள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் மாராத்தாள் மேலே ஏறினாள். குணசீலர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்.

"நான் பொய் சொல்லலையேம்மா?"

"இல்லீங்க. கேட்டதுக்குத்தானே சொன்னீங்க."

"சொல்லாம இருந்தது?"

"அதை யாரும் கேக்கலீங்க," என்றாள் மாராத்தாள்.

குணசீலருக்குச் சில நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. அவர் வாசலில் இப்போது கட்சிக்காரர்கள் கூட்டம்.

டவர் எழும்பியது. கம்பி இழுத்தார்கள். பட்டணத்துக்குப் போகிற மின்சாரம் பக்கத்துக் காட்டின் மேலே இரவும் பகலும் ரீங்காரம் போட்டுக்கொண்டு போயிற்று. மாராத்தாள் தன் கிணற்றுக்கு ஒரு மோட்டார் இணைப்புக் கேட்டு எழுதிப்போட்டாள். அதைப் பார்த்துவிட்டுக் கொக்கு சிரித்தே விட்டார்.

"மரக்குழிக்கு எதுக்கு அம்மணி மோட்டார்?"

 மாராத்தாள் வீட்டுக்கு வந்து சால் கட்டி இறைத்துக் கடலைக்குப் பாய்ச்சினாள். அந்த வருஷம் கடலை, தரைக்குக் கீழே, நன்றாகவே விளைந்தது.

வருஷா வருஷம் கோடையில் வாரியத்திலிருந்து கிளை கழிக்கும் ஆட்கள் அரிவாளோடு வருவார்கள். அந்த மாபெரும் மரம் வளர்ந்து கம்பியைத் தொட்டுவிடக் கூடாது அல்லவா. கிணற்று விளிம்பில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். நல்ல தண்ணி அம்மணி என்பார்கள். கிளைகள் கழிக்கப்பட்டன என்று எழுதிக்கொண்டு போவார்கள். ஓணான் கையெழுத்துப் போடுவார். மாராத்தாள் சொம்பைக் கழுவி வைத்துவிட்டு, அவர்கள் வேலி தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு, இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொள்வாள்.

நீதி: மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான். தண்ணீர் மட்டும் வைத்திருப்பவர்கள், மரம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்வது நல்லது.